கீழே விழுந்த ஈட்டி

அத்தியாயம் பதினொன்று

விஷ்ணுப்ரியா புருஷன் வீட்டை விட்டு வந்ததற்குக் காரணம் ஏழு பகடைகள் என்றுதான் ஸ்ரீவராகம் தெரு இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறது. தெருவைச் சொல்லிக் குற்றமில்லை. கேட்கிறவர்களுக்கு அது அவ்வளவு ருசியான கதை.

நடந்தது இதுதான். கரமனையில் அவளுடைய மாமியார் கோமதி மாமி ஒருநாள் அலமாரியைத் துடைக்கப் போனாள். புடவைகளுக்கு அடியில் ஒரு சிவப்பு வெல்வெட் பை. உள்ளே பளபளவென்று ஏழு கட்டைகள். ஒன்றுக்கு நாலு முகம், ஒன்றுக்கு எட்டு, இன்னொன்றுக்கு இருபது. முகத்துக்கு முகம் எண். கூடவே ஒரு தாளில் பூதங்களின் பெயர்கள், அவற்றின் பலம், பலவீனம். மாமிக்கு அது செய்வினையேதான். நேரே ஜோத்ஸ்யரிடம் ஓடினாள். அவர் சோழியைப் பரப்பிப் பார்த்து, "யாரோ வேணும்னு வச்சிருக்கா, ஓடற ஜலத்துல விட்டுடுங்கோ" என்றார். ஏழும் கரமனையாற்றில் போயிற்று.

மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதைக்குள் சண்டை போடுகிற விளையாட்டு ஒன்று உலகத்தில் உண்டு என்று மாமிக்கு யார் எடுத்துச் சொல்வது? புருஷன் உமாசங்கர் சொல்லியிருக்கலாம். அவன் அன்றைக்கு ஆபீஸ் வேலையாகக் கோயம்புத்தூரில் இருந்தான். இருந்திருந்தாலும் சொல்லியிருப்பானா என்பது வேறு விஷயம்.

ஆனால் பகடைக்காக யாராவது புருஷன் வீட்டை விட்டு வருவார்களா? பகடை போனால் இன்னொரு செட் வாங்கிக்கொள்ளலாம். அதே புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையும் காணாமல் போயிருந்தது. அது ஆற்றுக்குப் போகவில்லை. மாமியின் கைப்பைக்குள் போயிற்று.

அன்று சாயங்காலமே மாமி பையைத் திறந்து அட்டையின் ஓரத்தை மட்டும் ப்ரியாவுக்குக் காட்டினாள். "இது எதுக்கு உள்ள மாத்திரைன்னு மெடிக்கல் ஷாப்புல விசாரிச்சாச்சு. நாலு பேருக்குத் தெரியணுமா வேண்டாமாங்கறது இனிமே நீ நடந்துக்கறதுலதான் இருக்கு, கேட்டியா?"

ப்ரியா மறுநாள் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அது மன அழுத்தத்துக்கான மாத்திரை. பெங்களூரில் முதல் வேலையில் இருந்தபோது அவளுக்குக் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாமல் போயிற்று. ஊருக்கு வந்தாள். அம்மா சீதாலக்ஷ்மி யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், அப்பாவிடம் தைராய்டு என்று சொல்லி வைத்தாள். தம்பி ஹரிக்குத் தெரியும். அப்பா சாம்பசிவனுக்கு மட்டும் இன்றுவரை தைராய்டுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் உமாசங்கரைச் சங்குமுகம் கடற்கரைக்கு வரச் சொல்லி ப்ரியா எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவுக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தே சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு, "எனக்கு இதுல ஒண்ணுமில்லை. அம்மாட்ட மட்டும் சொல்ல வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவனைப் பிடித்துப்போயிற்று. பாவி, இன்றைக்கும் பிடித்துத்தான் இருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் மாமியும் உமாசங்கரும் பேச வருகிறார்கள். கைப்பையும் கூடவே வரும்.

*

"இப்படி நகத்தைக் கடிச்சிண்டு உட்கார்ந்திருக்கறதுக்குப் பதிலா மாடிக்கு வா. சஜி வந்தாச்சு," என்று காலையிலேயே ஹரி அக்காவை இழுத்துக்கொண்டு போனான்.

சஜி, டெக்னோபார்க்கில் ஹரியோடு வேலை பார்க்கிறவன். மலையாளி. மணக்காட்டிலிருந்து ஸ்கூட்டரில் வருவான். இந்த வீட்டுச் சாப்பாட்டோடு இந்த வீட்டுத் தமிழையும் கொஞ்சம் சாப்பிட்டவன். விளையாட்டில் அவன் ஒரு வாள்வீரன். ப்ரியா ஒரு நாடோடி. கதையை நடத்துகிறவன் ஹரி. எதிரிகள், பேய்கள், மழை, வெயில் எல்லாம் அவன் பொறுப்பு.

"கோட்டை வாசல். காவல் தலைவன் முன்னாடி வரான். ஏழடி உயரம். கையில எரியற ஈட்டி," என்றான் ஹரி. வில்லனாகிவிட்டால் அவனுக்குக் குரலே மாறிவிடும். "ப்ரியாக்கா, உன் முறை."

"ஈட்டியைப் பறிக்கறேன்."

சஜி தலையில் கை வைத்துக்கொண்டான். "என்டெ பத்மநாபா! பின்னேயும் அதேயா?"

ஆட்டம் ஆரம்பிக்கும்போது ஒவ்வொருவரும் நீண்ட பட்டியலிலிருந்து சில சண்டைத் திறமைகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் எடுப்பது ஓங்கி வெட்டுவது, நெருப்பு எறிவது, ஒரே மூச்சில் இரண்டு அடி அடிப்பது. 'ஆயுதம் பறித்தல்' பட்டியலின் அடியில் தூங்கிக்கொண்டிருக்கும். அதை யாரும் சீண்ட மாட்டார்கள். ப்ரியா அதைத்தான் எடுத்தாள். எடுத்த நாளிலிருந்து இரண்டு பேரும் அவளைக் கேலி செய்தே ஓய்ந்துபோனார்கள்.

அவள் ஹரியின் இருபது முகப் பகடையை வாங்கி உருட்டினாள். நல்ல எண் விழுந்தது. ஹரி உதட்டைச் சுழித்தான்.

"சரி. ஈட்டி அவன் கையிலேர்ந்து தெறிச்சு கல் தரையில விழறது. சஜி, நீ."

"வெட்டு! ஓங்கி ஒரு வெட்டு!" சஜி எழுந்தே நின்றுவிட்டான். வெட்டு விழுந்தது. காயம்தான், ஆள் சாகவில்லை.

"இப்போ அவன் முறை," என்றான் ஹரி. "குனியறான். ஈட்டியை எடுக்கறான். சஜி நெஞ்சுல சொருகறான். சஜி அவுட்."

சஜி தொப்பென்று உட்கார்ந்தான்.

"பாத்தியா? இதுக்குத்தான் யாரும் இதை எடுக்கறதில்லை," ஹரி பகடையை மேஜையில் தட்டினான். "ஒரு சண்டை எத்தனை சுத்து போகும்? நாலு, அஞ்சு. உனக்குக் கிடைக்கறதே நாலு வாய்ப்பு. அதுல ஒண்ணைக் குடுத்து என்ன வாங்கினே? அவன் குனிஞ்சான், எடுத்துண்டான், தீர்ந்தது. அவன் மேல ஒரு கீறல் உண்டா?"

"குனிஞ்சானோல்லியோ?" என்றாள் ப்ரியா.

"குனிஞ்சா என்ன?"

"குனியற வரைக்கும் அவன் கையில ஒண்ணும் இல்லை. அந்த நேரம் சஜியோடது. சஜி ஈட்டியை எடுத்திருக்கணும். இல்லாட்டா காலால எட்டித் தள்ளியிருக்கணும். அவன் வெட்டப் போனான்."

"வெட்டாம பின்னே எந்தா சேச்சி செய்யறது?" சஜிக்கு நிஜமாகவே ரோஷம் வந்துவிட்டது. "என் கையில வாள் உண்டு. எதிரே ஆளு வெறுங்கையோட நிக்கறான். விடுவேனா?"

"அதையாக்கும் நான் சொல்றேன்," என்றான் ஹரி. "தனியா நின்னா இதுக்குப் பிரயோஜனமே கிடையாது. பக்கத்துல இருக்கறவன் சரியான நேரத்துல சரியான காரியம் பண்ணினாத்தான் மதிப்பு. அப்படி யாரை நம்பி இதை எடுக்கறது? அதோட, நாளைக்குக் கரடி வந்தா என்னத்தைப் பறிப்பே? நகத்தையா?"

ப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கரடிக்கு வேற வழி பார்ப்பேன்."

"சிரிக்காதே. நெட்ல போய்ப் பாரு. உலகம் முழுக்க விளையாடறவா ஒரே குரலா வேஸ்ட்னு எழுதியிருக்கா. கணக்குப் போட்டுக் காட்டியிருக்கா."

"எத்தனை பேரை விழ வச்சோம்னுதானே கணக்கு? எனக்கு அவனை விழ வைக்கவே வேண்டாம்டா. ஈட்டி இருக்கறச்சே எல்லாரும் ஈட்டிக்குத்தான் பதில் சொல்றோம். அது இல்லாட்டா அவன் என்ன பேசுவான்? அதைப் பார்க்கணும். அவ்வளவுதான்."

ஹரி பகடையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். அவன் வாயாடி, ஆனால் அழுகுணி ஆட்டம் ஆடுகிறவன் இல்லை.

"உண்மையைச் சொல்லட்டுமா? நீ பறிக்கப்போறேன்னு நான் எதிர்பார்க்கலை. அடிச்சா என்ன, ஓடினா என்ன, எல்லாத்துக்கும் யோசிச்சு வச்சிருந்தேன். இதுக்கு மட்டும் யோசிக்கலை. வெறுங்கையோட நின்னா அவன் என்ன பண்ணுவான்னு எனக்கே தெரியலை. அதான் குனிஞ்சு எடுக்க வச்சேன்."

"அவன் சரணடைஞ்சிருக்கலாமா?"

"அடைஞ்சிருக்கலாம். சும்மாவும் நின்னிருக்கலாம்." பகடையைக் கீழே வைத்து, "இல்லை, முன்னைவிட மூர்க்கமாவும் ஆகியிருக்கலாம். அதையும் நினைச்சுக்கோ," என்றான்.

அவன் இப்போது விளையாட்டைப் பற்றிப் பேசவில்லை என்று அக்கா தம்பி இருவருக்கும் தெரிந்தது. சஜிக்கு மட்டும் தெரியவில்லை. அவன் தன் வீரனை உயிர்ப்பிக்க ஏதாவது மருந்து உண்டா என்று ஹரியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

*

கீழே சீதாலக்ஷ்மி பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். சமையற்கட்டில் ப்ரியாவைக் கண்டதும் கதவைச் சாத்தினாள்.

"இதோ பாரு குட்டி. அவா என்ன சொன்னாலும் வாயைத் திறக்காதே. மாமி அந்த அட்டையை எடுத்தான்னா நான் தைராய்டு மாத்திரைன்னு சொல்லிடறேன். அட்டையில என்ன எழுதியிருக்குன்னு உங்கப்பாவுக்குப் புரியவா போறது?"

"மாமி விசாரிச்சு வச்சிருக்கா அம்மா. பேரைச் சொல்லுவா."

"அப்போ அவளைத் தனியா உள்ளே அழைச்சுக் காலைப் பிடிக்கறேன்."

"எதுக்கு? நாம திருடினோமா?"

சீதாலக்ஷ்மி வெங்காயத்தை எடுத்தாள், வைத்தாள். அவளுக்கு மாமியிடம் பயமில்லை. பயமெல்லாம் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற மனிதரிடம்தான்.

சாம்பசிவன் ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோபக்காரர் இல்லை. அவரிடம் இருக்கிற ஒரே தொந்தரவு, பொய் சொல்ல வராது. வேண்டாத உறவுக்காரர்கள் ஃபோன் பண்ணும்போது சீதாலக்ஷ்மி, "நான் படுத்துண்டிருக்கேன்னு சொல்லுங்கோ" என்று ஜாடை காட்டுவாள். "அப்போ நீ முதல்ல போய்ப் படு" என்பார். அவள் கரண்டியும் கையுமாகப் போய்க் கட்டிலில் படுத்த பிறகுதான், "அவ படுத்துண்டிருக்கா" என்று ஃபோனில் சொல்வார். ஸ்ரீவராகத்திலும் கரமனையிலும் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. அவர் சொன்னால் அது சத்தியம் என்பதிலும் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அப்பேர்ப்பட்டவரிடம் சீதாலக்ஷ்மி வருஷக்கணக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். அது வெளியே வந்தால் அவர் திட்ட மாட்டார். பேச மாட்டார். அதுதான் அவளுக்குத் தாங்காது.

"மாமி எடுக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டா என்ன?" என்றாள் ப்ரியா.

"உனக்கென்ன பைத்தியமா?"

சொன்ன பிறகுதான் சீதாலக்ஷ்மிக்கு உறைத்தது. "ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலைடீ."

"தெரியும்மா," என்றாள் ப்ரியா. ஆனால் அவளுக்கு வலித்தது. இந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் இருப்பதற்காக எத்தனை நாள் எத்தனை பேரிடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள்! இப்போது அந்த அட்டை மாமி பையில் இருக்கிறவரை, நில் என்றால் நிற்க வேண்டும், வா என்றால் போக வேண்டும். போவதா, வேண்டாமா என்று அவளே தீர்மானிக்க முடியாது.

*

கிழக்கேகோட்டையில் நல்ல டிராஃபிக் பிளாக்காம். வந்தவுடனே கோமதி மாமி அதற்கும் சம்பந்தி வீட்டையே பொறுப்பாக்குகிற மாதிரி அலுத்துக்கொண்டாள். பட்டுப்புடவை. மடியில் கைப்பை. உமாசங்கர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். இளைத்திருக்கிறான் என்று ப்ரியாவுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சல் பட்டாள்.

காபி ஆயிற்று. மழை பற்றிப் பேசியாயிற்று. மாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"பழசை எல்லாம் விட்டுடலாம், சம்பந்தி. கொழந்தையை நான் அழைச்சுண்டு போறேன். ஆனா ரெண்டு விஷயம். அந்தப் பகடை சமாச்சாரம் இனிமே கூடாது. வேலையையும் விட்டுடட்டும். ஆத்தைப் பார்த்துண்டு நிம்மதியா இருக்கட்டுமே."

"விளையாடறதும் வேலைக்குப் போறதும் அவ இஷ்டமோல்லியோ?" என்றார் சாம்பசிவன் மெதுவாக. "அவளைத்தான் கேட்கணும்."

"அவளுக்குத் தெரியும். கேளுங்கோ, சரின்னுதான் சொல்லுவா." மாமியின் விரல் கைப்பையின் ஜிப்பைத் தொட்டது. "நான் ஒண்ணும் வேணும்னு சொல்லலை. சிலதை எல்லாம் நாலு பேருக்கு முன்னாடி எடுத்து வச்சா ஒங்களுக்குத்தான் நாணக்கேடு."

சமையற்கட்டு வாசலில் சீதாலக்ஷ்மி கண்ணாலேயே கெஞ்சினாள். மாடிப்படியில் ஹரி நின்றுகொண்டிருந்தான்.

"மாமி," என்றாள் ப்ரியா. அப்பா பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். "ஜிப்பைத் திறக்க வேண்டாம். நானே சொல்லிடறேன். பெங்களூர்ல இருந்தப்போ எனக்கு மனசு ரொம்ப மோசமாப் போச்சு. எழுந்திருக்க முடியலை, குளிக்க முடியலை. காரணமே இல்லாம அழுதுண்டிருந்தேன். இருக்கறதைவிடப் போயிடலாம்னுகூடத் தோணித்து. டாக்டர்ட்டப் போனேன். மாத்திரை சாப்பிட்டேன். தேவலை ஆச்சு. இப்பவும் தினம் பாதி மாத்திரை சாப்பிடறேன். டாக்டர் நிறுத்தச் சொன்னா நிறுத்துவேன். அந்த அட்டைதான் உங்க பையில இருக்கு. இதுல எனக்கு நாணக்கேடு ஒண்ணும் இல்லை."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள்.

மாமியின் கை ஜிப் மேலேயே நின்றுவிட்டது. கரமனையிலிருந்து வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு அவளிடம் இருந்தது. அதை ஆரம்பிக்க இப்போது இடமில்லை. முதல் முறையாக அவள் முகத்தில் ப்ரியா கோபத்துக்குப் பதிலாக வேறொன்றைப் பார்த்தாள். பயம். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று ஒரு தாய்க்கு வருகிற சாதாரண பயம். ஐயோ, இதை முதலிலேயே என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா என்று ப்ரியாவுக்கு இருந்தது.

ஆனால் அது நீடிக்கவில்லை. மாமி விருட்டென்று ஜிப்பைத் திறந்து அட்டையை எடுத்து டீப்பாய் மேல் போட்டாள்.

"கேட்டேளா? அவளே ஒத்துண்டுட்டா! மனசு சரியில்லாத பொண்ணை மறைச்சு எங்க தலையில கட்டியிருக்கேள்!"

"மறைக்கலை," என்றாள் ப்ரியா. "உங்க பிள்ளைட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் கல்யாணம் பண்ணிண்டேன்."

மாமி பிள்ளை பக்கம் திரும்பினாள். "சங்கர்? சொன்னாளா?"

உமாசங்கர் தலையை நிமிர்த்தினான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவள் அவனிடம் கேட்டதெல்லாம் இந்த ஒரு வார்த்தைதான். அவன் வாய் லேசாகத் திறந்தது. அம்மாவைப் பார்த்தான். ப்ரியாவைப் பார்த்தான். மறுபடி தரையைப் பார்த்தான்.

சாம்பசிவனின் நாற்காலி கிரீச்சிட்டது. அவர் எழுந்து வந்து டீப்பாய் மேலிருந்த அட்டையை எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அதைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது எங்காத்து மாத்திரையாக்கும்," என்றார். "நான்தான் வாங்கிக் குடுத்தேன். இவளை டாக்டர்ட்ட அழைச்சுண்டு போனதும் நான்தான். ஒங்களுக்குச் சொல்ல வேண்டாம்னு தீர்மானம் பண்ணினதும் நான்தான். மாப்பிள்ளையை ஏன் கேட்கறேள்? அவரை விடுங்கோ. என்னைக் கேளுங்கோ."

சீதாலக்ஷ்மி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். பொய்! அப்பா பொய் சொல்கிறார். திக்காமல், திணறாமல், சம்பந்தி முகத்தைப் பார்த்து அடுக்கடுக்காகப் பொய் சொல்கிறார்.

"எல்லாருக்கும் ஜுரம் வரது. இவளுக்கு இது வந்தது. பார்த்தோம், தேவலை ஆச்சு. இதைக் காட்டி யாராவது என் பொண்ணை மிரட்டினா, நான் சும்மா கேட்டுண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்."

சாம்பசிவன் சொன்னால் சத்தியம். கோமதி மாமிக்கு அதில் துளிக்கூடச் சந்தேகம் வரவில்லை. அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. "ஒங்களைப்போய் சத்தியசந்தர்னு நெனச்சேனே!" என்று எழுந்தாள். "நன்னாயிருக்கு. இனிமே வக்கீல் மூலமாப் பேசிக்கலாம். அந்த அட்டையைக் குடுங்கோ."

"அது என் பொண்ணோடது," என்றார் சாம்பசிவன். கொடுக்கவில்லை.

*

மாமி ஆட்டோவில் ஏறிவிட்டாள். உமாசங்கர் செருப்பை மாட்டுவதற்கு வேண்டாத நேரம் எடுத்துக்கொண்டான். ப்ரியா வாசலுக்குப் போனாள்.

"உள்ளே உங்கம்மா உன்னைக் கேட்டாளே. ஏன் வாயைத் திறக்கலை?"

"திறக்கறதுக்குள்ளே அப்பா வந்துட்டார்."

"அப்பாவுக்கு அறுபத்தஞ்சு வயசு. மூட்டு வலி. அவர் எழுந்து நடந்து வந்து குனிஞ்சு எடுக்கற வரைக்கும் உனக்கு நேரம் இருந்தது, சங்கர்."

அவனுக்கு முகம் சிவந்தது. ஆட்டோவிலிருந்து மாமி கூப்பிட்டாள். அவன் போகப் புறப்பட்டு, நின்றான்.

"சங்குமுகத்துல நீ சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு," என்றான் தணிந்த குரலில். "அப்பாவுக்குத் தெரியாதுன்னு நீ சொன்னதும் ஞாபகம் இருக்கு."

ஆட்டோவில் இருக்கிற மாமிக்குக் கேட்டிருக்குமோ என்று ப்ரியா திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா வக்கீல்ட்டப் போனா, அவர் முதல்ல என்னைத்தான் கேட்பார், ப்ரியா."

அவ்வளவுதான். ஆட்டோ திரும்பிக் கரமனைப் பக்கம் போயிற்று. அவன் எச்சரித்தானா, உதவி செய்கிறேன் என்றானா, அல்லது என்ன செய்யட்டும் என்று அவளையே கேட்டானா? அவன் குரலிலிருந்து அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. மாமியிடமிருந்து ஒன்றைப் பறித்தாயிற்று. உமாசங்கரிடம் புதிதாக ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது: அப்பாவின் பொய்.

உள்ளே ஹரி பொரிந்துகொண்டிருந்தான். "என்ன காரியம் பண்ணினேள் அப்பா! அக்கா சொன்னது நல்லதாப் போச்சு. மாமிக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நீங்க நடுவுல புகுந்து, நான்தான் மறைச்சேன்னு சொல்லிட்டேளே! நாளைக்குக் கோர்ட்ல அதைத்தானே எழுதுவா?"

"எழுதட்டும்."

"பொய்யைச் சொல்லி…"

"தெரியும்டா. நான்தானே சொன்னேன்," என்றார் சாம்பசிவன்.

ஹரி அடங்கினான். சீதாலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் பயந்தது நடந்துவிட்டது. ப்ரியாவுக்கு ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. மாமியை நிராயுதபாணியாக்க அவள் செய்த காரியம் அப்பாவின் மேல் பட்டுவிட்டது. செய்திருக்கக் கூடாதா? செய்யாமல் இருந்திருந்தால் இந்நேரம் கரமனையில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பாள். இரண்டையும் மனத்தில் வைத்துப் பார்த்தாள். எது சரி என்று சொல்லத் தெரியவில்லை.

சாம்பசிவன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பொடி எழுத்துகள் அவருக்குப் புரியவில்லை.

"எந்த டாக்டர்?" என்று கேட்டார்.

"அப்பா…"

"வக்கீல் கேட்டா எனக்குப் பேராவது தெரிய வேண்டாமா?"

ப்ரியா பெயரைச் சொன்னாள்.

"எங்கே?"

"கவடியார்ல."

"எப்படிப் போனே?"

"நானும் அம்மாவும் ஆட்டோல போனோம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அட்டையை மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "நான் எங்கே இருந்தேன் அன்னிக்கு?"

ப்ரியா அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். "இங்கேதான் இருந்தேள். இதே நாற்காலியில, பேப்பர் படிச்சிண்டு. வரச்சே சாலைக் கடையில நேந்திரங்காய் வாங்கிண்டு வாங்கோன்னு சொன்னேள்."

"வாங்கிண்டு வந்தேளா?"

"வந்தோம்ப்பா. சாயங்காலம் அம்மா வறுத்தா. நன்னாயிருக்குன்னு சொல்லி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேள்."

சாம்பசிவன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். மேல்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.